வானத்தில் வழிவிடாதவன்

1

இந்த ஹஜ்ஜுப் பெருநாள் காலையில் கையில் மாவோடு சமையலறையில் நின்றுகொண்டு, என் ஊரான சாய்ந்தமருதிலிருந்து வந்திருந்த குரல்செய்திகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாமே பெருநாள் வாழ்த்தில் தொடங்கி நளீமை மன்னிக்கச் சொல்வதில் போய் முடிந்தன. கடைசியாக என் தங்கச்சி.

"ராத்தா, ரெண்டு பெருநாள் போய்த்து. இன்னும் அந்த மனிசனுக்கு மாப்புக் குடுக்கல்லியா? ஒருத்தர்ர ஹஜ்ஜ மறிச்ச பழி உங்களுக்கு வாணாம் ராத்தா."

ஊரில் கதை எப்படி ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். ஏதோ ஒரு விளையாட்டுச் சாமானுக்காக, வயதுபோன நல்ல மனிதன் ஒருவனைப் பொலிசில் பிடித்துக் கொடுத்து, மக்காவுக்குப் போக இருந்தவனைப் போகவிடாமல் செய்த பெண். அதுதான் நான். தங்கச்சிக்குப் பதில் குரல்செய்தி அனுப்பத் தொடங்கினேன். மூன்று தரம் தொடங்கி மூன்று தரமும் அழித்தேன். ஆகவே எழுதுகிறேன். ஊரில் எல்லோரும் வாசிக்கட்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நளீம் என்னை விட எட்டு வயது மூத்தவன். பதினைந்து வருடங்கள் அவனை அண்ணன் முறை வைத்து 'நளீம் காக்கா' என்றும் 'வாங்க, இரிங்க' என்றும்தான் கதைத்தேன். இந்தக் குறிப்பில் அவனை அவன் என்றுதான் எழுதப்போகிறேன். வாசிக்கிறவர்களுக்குக் கூச்சமாக இருந்தால் இருக்கட்டும்.

2

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு நகரத்தில் பதினேழு வருடங்களாக இருக்கிறோம். நான் ஒரு பாடசாலைச் சமையலறையில் வேலை செய்கிறேன். என் கணவர் ஜவாத் பஸ் ஓட்டினார். ஒரே மகள் நஸ்ரின் படித்து முடித்து மான்செஸ்டரில் வேலை. அவள் மாதம் ஒருமுறை வருவாள். பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்தாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இரண்டு பேருக்கும் அது பழகிவிட்டது.

நளீமை இங்கே தெரியாத எங்கள் ஆட்கள் இல்லை. அவன் கார் ஓட்டப் பழக்குகிறவன். எங்கள் பெண்களில் முக்கால்வாசிப் பேர் அவனிடம் பழகித்தான் அனுமதிப்பத்திரம் எடுத்தோம். நானும்தான். அம்புலன்ஸ் சத்தம் கேட்டால் போதும், பக்கத்து இருக்கையிலிருந்து அவன் கையைத் தூக்கிவிடுவான். "எங்க வருகிதெண்டு தேடாத தங்கச்சி. முதல் ஒதுங்கு, மறுகா பாரு." எத்தனை தரம் சொல்லியிருப்பான். அந்தப் பாடத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. அவன்தான் மறந்தான்.

இரண்டு வருடத்துக்கு முந்திய ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அடுத்த ஞாயிறு, எங்கள் ஊர்ச் சங்கத்தின் ஒன்றுகூடல். நகரத்துக்கு வெளியே பெரிய பூங்கா. ஆண்கள் தடியும் பந்தும் வைத்து எல்லே விளையாடினார்கள். ஜவாத் மருதமுனைக் கடற்கரையில் எல்லே அடித்து வளர்ந்தவர். தடியால் அடிப்பதை விட வாயால் அடிப்பதுதான் கூட. அந்த வயதிலும் பந்து வீசுகிறவனைக் கத்திச் சிரிப்புக் காட்டி, வீச விடாமல் செய்துவிடுவார்.

நளீம் அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்தான் ஒரு ட்ரோன் வாங்கியிருந்தான். நாலு விசிறி வைத்த, ஒரு சாப்பாட்டுத் தட்டளவு சாமான். புல்வெளியின் நடுவில் நின்று கையில் திரையைப் பிடித்துக்கொண்டு, எல்லோரையும் மேலே பார்த்துக் கையசைக்கச் சொன்னான். நாங்களும் அசைத்தோம். நானும் அசைத்தேன்.

ஜவாத் ஓடிவந்து கோட்டைத் தொட்டார். சிரித்தார். பிறகு முழங்காலில் இருந்தார். பிறகு விழுந்தார்.

பக்கத்தில் விரிப்புப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண், தாதியாம், ஓடிவந்து அவருடைய நெஞ்சை அமுக்கத் தொடங்கினார். யாரோ தொலைபேசியில் அழைத்தார்கள். அம்புலன்ஸ் தூரத்தில் இருப்பதாகவும், டொக்டருடன் ஹெலிகொப்டரை அனுப்புவதாகவும் சொன்னார்கள்.

சத்தம் கேட்டது. மரங்களுக்கு மேலாக அது வந்தது. நாங்கள் நின்ற புல்வெளிக்கு நேரே தாழ்ந்தது. இதோ இறங்கப்போகிறது என்று நினைத்தேன். திடீரென்று மூக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு பக்கம் சரிந்து, மேலே போய்விட்டது. வட்டமடித்து வந்தது. மறுபடியும் போய்விட்டது. அந்தப் பெண் அமுக்குவதை நிறுத்தாமல் என்னைப் பார்த்து, ஏன் இறங்குகிறார்களில்லை என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கடைசியில் ஓடைக்கு அப்பால் வேலி போட்ட வேறொரு வயலில் இறங்கி, டொக்டரும் மற்றவரும் பைகளைத் தூக்கிக்கொண்டு வேலி ஏறிக் குதித்து ஓடி வந்தார்கள்.

அந்தச் சுற்றலுக்கும் ஓட்டத்துக்கும் ஆறு நிமிடம் போனது. இதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

சுனாமிக்குப் பிறகு ஊரில் பாடசாலையில் அகதியாக இருந்தபோது, மைதானத்தில் ஹெலிகொப்டர் இறங்கப்போகிறது என்றால், பெரியவர்கள் சாரனைக் கழற்றி வீசி வீசிச் சனத்தை ஓரத்துக்குத் துரத்துவார்கள். வீடு போய், பிள்ளை போய், பைத்தியம் பிடித்துக்கிடந்த சனம். அந்தச் சனம்கூட ஒதுங்கி நின்று இடம் விட்டது. அன்றைக்கு மூன்று வயது நஸ்ரினை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் ஒதுங்கி நின்றேன்.

3

ஜவாத் மௌத்தாகவில்லை. இதயம் திரும்ப அடித்தது. ஆனால் மூளைக்கு இரத்தம் போகாமல் நின்ற நேரம் தன் வேலையைக் காட்டிவிட்டது. வலது கை வழங்குவது குறைவு. தடியூன்றி நடப்பார். சொல்வதெல்லாம் அவருக்கு விளங்கும், ஆனால் பேச்சுப் போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. ஓம்.

பசிக்கிறதா, ஓம். பசிக்கவில்லையா, ஓம். கோபம் வந்தாலும் ஓம், கால் கடுத்தாலும் ஓம். எதைச் சொல்ல வாயெடுத்தாலும் அந்தச் சொல்தான் வந்து விழுகிறது. விழுந்த பிறகு அவருடைய முகம் படுகிற பாட்டை நீங்கள் காணவேண்டும்.

அரசாங்க உதவிக்கு விண்ணப்பித்தபோது ஒரு அதிகாரி வந்தார். தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளர். தனியே சமைக்க முடியுமா என்று கேட்டார். ஓம். உதவியில்லாமல் குளிக்க முடியுமா? ஓம். பஸ்ஸில் தனியே போய்வர முடியுமா? ஓம். மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொன்றையும் ஒழுங்காக மொழிபெயர்த்தார். நான் குறுக்கே பேசினால், விண்ணப்பதாரர் தானே பதில் சொல்லட்டும் என்று கையைக் காட்டி நிறுத்தினார்கள். இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. இவருக்கு எந்த உதவியும் தேவையில்லையாம். அதை மாற்றுவதற்கு நான் ஏறி இறங்கிய படிகளைத் தனியாக எழுதலாம்.

அந்த ஆறு நிமிடம் இல்லாவிட்டால் அவர் பேசியிருப்பாரா என்று டொக்டரிடம் கேட்டேன். பேசியிருக்கலாம், இப்படியேயும் ஆகியிருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றார். நேர்மையான மனிதர். ஆனால் 'பேசியிருக்கலாம்' என்ற அந்த ஒரு சொல்லை நான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

4

ஆஸ்பத்திரியில் இருந்தபோதே நளீம் வந்து அழுதான். ஹெலிகொப்டரைக் கண்டவுடனே ட்ரோன் தானாக வீட்டுக்கு, அதாவது ஏற்றிய இடத்துக்கு, திரும்பும் பட்டனை அமர்த்தினானாம். ஆனால் அது இறங்காமல் மேலே ஏறிவிட்டதாம். "நான் அமத்தினன் தங்கச்சி. அது தன்ட பாட்டுல மேல போய்த்து. அல்லா அறிய." எடுத்த வீடியோவையும் அழித்துவிட்டதாகச் சொன்னான். நான் நம்பினேன். அவனுக்குத் தண்ணீர் கூடக் கொடுத்தேன்.

இறங்கும் வழியில் ஒரு ட்ரோன் நின்றதாக ஹெலிகொப்டர் ஓட்டியவர் முறைப்பாடு கொடுத்திருந்தார். பொலிஸ் சங்கத்து ஆட்களை விசாரித்தது. ஒருவரும் ஒன்றும் காணவில்லையாம். எழுபது எண்பது பேர் மேலே பார்த்துக் கையசைத்தோம், ஒருவரும் காணவில்லை. நம்முடைய மனிதனை நாமே காட்டிக்கொடுப்பதா என்று சங்கத் தலைவர் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

நானே பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். பட்டனை அமர்த்திய ஒரு மனிதனைத் தண்டிக்க அல்ல, என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள. என் கணவர், ஓடைக்கரை, ட்ரோன் என்று பதற்றத்தில் சொன்னேன். அங்கிருந்த பெண் அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மிகவும் வருந்துவதாகவும், உடலை எடுத்துவிட்டார்களா என்றும் கேட்டார். எனக்கு விளங்கவே நேரம் சென்றது. நான் சொன்ன ட்ரோன் அவருக்கு ஆங்கிலத்தில் 'ட்ரவுண்', நீரில் மூழ்கிச் செத்தான், என்று கேட்டிருக்கிறது. பிறகு ஒரு தாளில் படம் கீறிக் காட்டினேன். நாலு விசிறி, ஒரு சதுரம். குறித்துக்கொண்டார். சாட்சி இல்லாமல் எதுவும் செய்வது கடினம் என்றார்.

திரும்பி வரும்போது என் மீதே எனக்கு ஆத்திரம் வந்தது. ஒரு சாமான் என் வீட்டைக் கவிழ்த்திருக்கிறது, அதன் பெயரைக்கூட எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

இந்த நாட்டில் ட்ரோன் விடுகிறவர்கள் இணையத்தில் ஒரு சோதனை எழுதவேண்டும். யாரும் எழுதலாம். நான் எழுதினேன். பாடசாலை விட்டு வந்து, ஜவாத்துக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, அவருக்குப் பக்கத்தில் இருந்து அகராதி வைத்துப் படித்தேன். முதல் தரம் தவறினேன். இரண்டாம் தரம் தேறினேன்.

படித்ததில் சிலதை ஊருக்கும் சொல்கிறேன். கல்முனையிலும் நிந்தவூரிலும் இப்போது கலியாணத்துக்குக் கலியாணம் ட்ரோன் எழும்புகிறதாம். கேட்டுக்கொள்ளுங்கள். ட்ரோன் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கவேண்டும். திரையில் தெரிவது போதாது. உயரத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது, ஆனால் அந்த எல்லைக்குக் கீழே வானம் உங்களுடையது என்று நினைக்காதீர்கள். ஆளைக் காப்பாற்ற வரும் ஹெலிகொப்டர் தாழத்தான் பறக்கும், தரை மட்டும் வரும். உள்ளே இருப்பவருக்கு உங்கள் தட்டளவு சாமான் கடைசி நேரம் வரை தெரியாது. தெரிந்தால், விசிறியில் அடித்துவிடும் என்ற பயத்தில் அவர் திரும்பித்தான் போகவேண்டும். ஆகவே ஒதுங்க வேண்டியவர் நீங்கள்தான். சத்தம் கேட்டவுடன், எங்கே வருகிறது என்று தேடாமல், ட்ரோனைத் தரையில் இறக்குங்கள். வீட்டுக்குத் திரும்பும் பட்டனை நம்பாதீர்கள். பல ட்ரோன்கள் அந்தப் பட்டனுக்கு முதலில் மேலே ஏறி, பிறகுதான் திரும்பும். எவ்வளவு ஏறும் என்பதைப் பறக்கவிட முன்னமே பார்த்துவையுங்கள். மாவடிப்பள்ளி ரோட்டை வெள்ளம் மூடும் மாரியில், வயலுக்குள் அகப்பட்டவனை எடுக்க ஹெலிகொப்டர் வரும்போது, வெள்ளத்தைப் படமெடுக்க எவனாவது ஒரு ட்ரோனை ஏற்றினால், அவன் எடுப்பது படம் இல்லை, உயிர்.

மேலே ஏறும் என்று படித்தபோது, நளீம் சொன்னது உண்மை என்றுதான் எனக்குப் பட்டது. அவன் மேல் இருந்த கொஞ்சச் சந்தேகமும் போனது. அவனை எண்ணிப் பரிதாபப்பட்டேன்.

5

அடுத்த வருடம் நளீமுக்கு ஹஜ்ஜுக்குப் போக வாய்ப்புக் கிடைத்தது. ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் போகுமுன் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் மாப்புக் கேட்பது நமது வழக்கம். அல்லாஹ்வுக்குச் செய்த குற்றத்தை அல்லாஹ் மன்னிப்பான். மனிதனுக்குச் செய்த குற்றத்தை அந்த மனிதன்தான் மன்னிக்கவேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, நான் பாடசாலைச் சமையலறையில் நிற்கும் நேரம் பார்த்து அவன் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறான். ஜவாத்தைப் பார்த்துக்கொள்ள வரும் பெண் கதவைத் திறந்திருக்கிறார். அரை மணித்தியாலம் இருந்துவிட்டுப் போனானாம். நான் வேலை முடிந்து கைத்தொலைபேசியைத் திறந்தபோது சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் செய்தி கிடந்தது. ஜவாத் மச்சான் மனம் விரும்பி மாப்புத் தந்துவிட்டார், அல்ஹம்துலில்லாஹ், எல்லோரும் துஆச் செய்யுங்கள். அதன் கீழே ஆளுக்கொரு இதயம்.

என் கணவரால் மறுக்க முடியாது என்று அந்தக் குழுவில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். நளீமுக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து அவருக்கு முன்னால் முழங்காலில் இருந்து, என்ன நடந்தது என்று கேட்டேன். அவர் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். இடது கையால் என் முக்காட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

6

அந்த வெள்ளிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் நஸ்ரின் வந்து நின்றாள். வந்தவள் வாப்பாவின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு, என்னை அடுத்த அறைக்குக் கூப்பிட்டாள். கைத்தொலைபேசியை என் கையில் தந்தாள்.

"உம்மா, இதுல வாப்பா இரிக்காரு." தமிழில் சொன்னாள்.

நளீமின் மகளும் நஸ்ரினும் சின்ன வயதிலிருந்தே சிநேகிதிகள். நளீம் அழித்துவிட்டதாகச் சொன்ன வீடியோ அவனுடைய வீட்டுக் கணினியில் இருந்திருக்கிறது. மகள் கண்டுவிட்டாள். மனம் தாங்காமல் நஸ்ரினுக்கு அனுப்பிவிட்டாள். அது நடந்தது எட்டு மாதத்துக்கு முன்னால். எட்டு மாதமும் என் மகள் அதை என்னிடம் மறைத்து வைத்திருந்தாள். நான் எங்கே போய் நிற்பேன் என்று பயந்தாளாம். அவள் வீட்டுக்கு வருவது குறைந்த காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. இப்போது ஏன் தருகிறாய் என்று கேட்டேன். ஆங்கிலத்தில் சொன்னாள். வாப்பாவிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சொல், அதையும் அந்த மனிதர் களவெடுத்துவிட்டார் என்றாள்.

வீடியோவில் சத்தம் இல்லை. அந்த ட்ரோன் சத்தத்தைப் பதிவதில்லை. பச்சைப் புல். கையசைக்கும் நாங்கள். பிறகு ஒரு மூலையில் சனம் கூடுகிறது. நடுவில் நீலச் சட்டை. அது ஜவாத். பக்கத்தில் இருக்கும் சிறிய கறுப்புப் புள்ளி நான்.

பிறகு மரங்களுக்கு மேலே ஹெலிகொப்டர் தெரிகிறது. பட்டனை அமர்த்தியிருந்தால் ட்ரோன் மேலே ஏறி, திரும்பி, நளீம் நின்ற பக்கம் போயிருக்கவேண்டும். நான் படித்திருக்கிறேன். ஏறவும் இல்லை, திரும்பவும் இல்லை. கமரா மெதுவாக, மிக மெதுவாக ஹெலிகொப்டரின் பக்கம் திரும்புகிறது. அதை நடுவில் வைக்கிறது. ஹெலிகொப்டர் சரிந்து போகும்போது கூடவே போகிறது. வட்டமடித்து வரும்போது காத்து நிற்கிறது. இன்னும் கிட்டப் போகிறது.

நல்ல படம். நடுங்காமல் எடுத்திருந்தான்.

நான் அழவில்லை. நஸ்ரினைக் கூட்டிக்கொண்டு அன்றைக்கே பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். அதே பெண் அதிகாரி. இந்த முறை ட்ரோன் என்று ஒழுங்காகச் சொன்னேன். அவர் வீடியோவை இரண்டு தரம் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, எங்களை இருக்கச் சொன்னார்.

7

ஞாயிற்றுக்கிழமை நளீமை வழியனுப்பும் விருந்து. சங்கம் ஒரு மண்டபம் எடுத்திருந்தது. ஒரு பக்கம் ஆண்கள், நடுவில் திரை, மறுபக்கம் பெண்கள். ஆறு பேருக்கு ஒரு சஹன் தட்டில் சோறு. ஜவாத்தைக் கட்டாயம் கூட்டிவரும்படி நளீமே சொல்லியனுப்பியிருந்தான். மாப்புக் கொடுத்தவரைப் பக்கத்தில் வைத்துச் சாப்பிட ஆசை போலிருக்கிறது. நான் கூட்டிப்போனேன். பொலிஸ் திங்கட்கிழமை அவன் வீட்டுக்குப் போவதாக இருந்தது. வாயைத் திறக்க வேண்டாம் என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். நான் திறந்தேன். அது என் பிழைதான். வீடியோ ஏற்கெனவே பொலிசின் கையில் இருந்ததால் கேடு எதுவும் வரவில்லை.

துஆ முடிந்து சோற்றில் கை வைக்கும் நேரம், நான் திரையை விலக்கிக்கொண்டு ஆண்கள் பக்கம் போனேன். என் வாழ்நாளில் செய்யாத காரியம். நளீம் வெள்ளை ஜுப்பாவில் ஜவாத்தின் பக்கத்தில் இருந்தான்.

"இவர்க்கிட்ட என்ன கேட்ட நீ?"

'நீ' என்ற சொல் மண்டபத்தில் விழுந்ததும் அத்தனை பேரும் சாப்பாட்டை விட்டுவிட்டார்கள். நளீம் எழும்பினான்.

"மாப்புத்தான் கேட்டன் தங்கச்சி. மச்சான் தந்தாரு."

நான் ஜவாத்தின் பக்கம் திரும்பினேன். "இஞ்சே, இவனுக்கு மாப்புக் குடுத்திங்களா?"

"ஓம்."

"இவனுக்கு ஒரு நாளும் மாப்புக் குடுக்க மாட்டிங்கதானே?"

"ஓம்."

"நாம இப்ப மருதமுனைக் கடற்கரையிலதானே இரிக்கம்?"

"ஓம்" என்றார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய காது சிவந்துபோயிற்று.

அந்த மூன்றாவது கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது. இரண்டோடு விஷயம் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. மூன்றாவதை என் ஆத்திரத்துக்காகக் கேட்டேன். அந்த மண்டபத்தில் என் கணவரை நானே சபைக்குக் காட்சியாக்கினேன். இந்தக் கதையில் நான் யாரிடமாவது மாப்புக் கேட்க வேண்டுமென்றால் அவரிடம்தான் கேட்கவேண்டும். கேட்டேன். அவர் சொன்ன பதிலை வைத்து நான் என்ன செய்வது?

நளீமிடம் திரும்பினேன். "பட்டன அமத்தின எண்டுதானே சொன்ன? அப்ப ஹெலிகொப்டருக்குப் பின்னால கமராவத் திருப்பினது ஆரு?"

அவன் தன் மகள் இருந்த திரைப்பக்கம் பார்த்தான். அந்தப் பார்வையிலேயே எல்லாம் வெளியில் வந்துவிட்டது.

"அம்புலன்ஸ் சத்தம் கேட்டா முதல் ஒதுங்கு எண்டு எனக்குப் படிப்பிச்சவன் நீ. வீடியோ பொலிஸ்ல இரிக்கி. நீ எங்கயும் போகேலா."

நான் ஜவாத்தின் கையில் தடியைக் கொடுத்தேன். நஸ்ரின் கதவைத் திறந்து பிடித்தாள். சாப்பிடாமல் வந்துவிட்டோம். வழியில் கோழிப் பொரியல் வாங்கிக் காருக்குள் இருந்து மூன்று பேரும் சாப்பிட்டோம். அவ்வளவு பசி எனக்கு ஒரு வருடமாக வந்ததில்லை.

8

நளீம் ஹஜ்ஜுக்குப் போகவில்லை. கடவுச்சீட்டைப் பொலிஸ் வாங்கியது என்று ஊரில் கதைக்கிறார்களாம். அது பொய். பொலிஸ் ட்ரோனையும் கணினியையும்தான் எடுத்தது. போகாமல் நின்றது அவனே. மாப்பு இல்லாமல் போக அவனுக்குக் கால் வரவில்லை என்று அவனுடைய மனைவி யாரிடமோ சொல்லியிருக்கிறார். அது அவனுடைய தீர்மானம். தங்கச்சி, நான் யாருடைய ஹஜ்ஜையும் மறிக்கவில்லை. ஆனால் அவன் போகவில்லை என்று கேள்விப்பட்ட அன்றைக்கு நான் பெருநாளைக்குச் செய்வது போல வட்டிலப்பம் செய்தேன். அதையும் மறைக்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் வழக்கு வந்தது. பறக்கும் ஹெலிகொப்டரை ஆபத்துக்குள்ளாக்கிய குற்றம். அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். சிறைத் தண்டனை கொடுத்து, இனியொரு குற்றம் செய்தால்தான் உள்ளே என்று அதை ஒத்திவைத்தார்கள். அவனைக் குற்றவாளிக் கூட்டிலிருந்து நேரே சிறைக்குக் கொண்டுபோவதைப் பார்க்கத்தான் நான் நல்ல சாரி உடுத்துக்கொண்டு போயிருந்தேன். அவன் வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றதைத்தான் பார்த்தேன். குற்றவாளியானதால் கார் ஓட்டப் பழக்கும் உரிமையை எடுத்துவிட்டார்கள். இப்போது ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறான். மகள் அவனோடு கதைப்பதில்லை. சங்கத்தில் பாதிப் பேர் எங்களோடு கதைப்பதில்லை. நஸ்ரின் மட்டும் இப்போது கிழமைக்குக் கிழமை வருகிறாள்.

இவ்வளவும் ஆன பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, நான் பாடசாலை விட்டு வந்த நேரம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. நளீம். தாடி நரைத்து, மெலிந்து. நான் வழிவிடவில்லை. உள்ளேயிருந்து ஜவாத் எட்டிப்பார்த்தார். நான் கொஞ்சம் விலகினேன். அவன் போய் அவருக்கு முன்னால் இருந்தான்.

"மச்சான், பட்டன அமத்தல்ல. படம் எடுக்கத்தான் நிண்டன். நீங்க விழுந்து கிடக்கிறது எனக்குத் தெரியும். தெரிஞ்சிக்கித்தான் எடுத்தன்."

மாப்புக் கேட்கவில்லை. ஜவாத் மேசையில் கிடந்த படச் சீட்டுக்கட்டை இடது கையால் அவன் பக்கம் தள்ளினார். பேச்சுப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரியில் தந்த சீட்டுகள். கோப்பை, கதிரை, பஸ், மீன். ஒவ்வொன்றையும் காட்டிப் பெயர் சொல்ல வைக்கவேண்டும். எனக்கு அதற்குப் பொறுமை இல்லை. அவனுக்கு இருக்கிறது. பழக்குகிறவன்தானே.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறான். நான் ஒரு நாளும் அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்ததில்லை, இரு என்று சொன்னதில்லை. போன மாதம் 'மீன்' சீட்டைக் காட்டியபோது ஜவாத்தின் உதடு 'மீ' என்று கூடி, சத்தம் வராமல் நின்றது. நளீம் சீட்டை அப்படியே பிடித்துக்கொண்டு காத்திருந்தான். நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

ஜவாத் வெள்ளிக்கிழமைகளில் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஜன்னலோரம் போய் இருக்கிறார். அவனைப் பார்த்துத்தான். அதைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை, பொறுக்கவும் முடியவில்லை.

தங்கச்சி, மாப்புக் கொடுத்தாயா என்று இனிக் கேட்காதே. அவன் கேட்டால் இல்லை என்று சொல்வதற்கு ஒரு வருடமாகச் சொல்லை ஆயத்தமாக வைத்திருக்கிறேன். மண்டபத்தில் சொன்னதை விடக் கடுமையான சொல். கதவைத் திறக்கும்போதெல்லாம் அது என் நாக்கில்தான் இருக்கிறது. அவன் சலாம் சொல்லி, செருப்பைக் கழற்றி, தலை குனிந்து என்னைக் கடந்து போகிறான். கேட்கிறானில்லை.